பினாங்கில் துணைத் தாதி, பராமரிப்பாளர் தேர்வுப் பயிற்சி: நம்பகமான நிலையத்தைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் வாரத்தில் பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் பகுதிக் குடும்பங்களின் கைப்பேசிகளில் ஒரே மாதிரியான விளம்பரங்கள் வந்து குவிகின்றன. "மூன்றே மாதத்தில் துணைத் தாதி ஆகலாம்", "நூறு விழுக்காடு வேலை உத்தரவாதம்", "அமெரிக்காவில் வேலை செய்யத் தகுதித் தேர்வுப் பயிற்சி". சீருடை அணிந்த பெண்ணின் படம் இருக்கும், தொலைபேசி எண் இருக்கும். நிலையத்தின் அங்கீகார எண்ணைத்தான் எங்கும் காண முடியாது.

இந்த வேலைக்கு ஆள் தேவை என்பது உண்மைதான். 2030ஆம் ஆண்டளவில் மலேசிய மக்கள்தொகையில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்று கணிக்கப்படுகிறது. பினாங்கில் முதியோர் இல்லங்களுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை. தேவை பெருகும் இடத்தில் நல்ல பயிற்சி நிலையங்களும் வரும், காசு பார்க்க வருகிறவர்களும் வருவார்கள்.

வார்டுக்கு வரும் பயிற்சி மாணவர்களை ஏற்று வேலை பழக்கியவள் நான். ஒரு பெண் கட்டிலருகே வந்ததும் முதலில் கட்டிலின் சக்கரப் பூட்டைப் பார்ப்பாள். இன்னொருத்தி தடித்த கோப்பும் பளபளக்கும் சான்றிதழும் கொண்டு வருவாள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் சுற்றுவது என்று திகைத்து நிற்பாள். இருவருமே கெட்டிக்காரப் பிள்ளைகளாக இருப்பார்கள். வேறுபாடு அவர்கள் படித்த இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்தத் தேர்வு, எந்த வேலை?

கட்டணம் எவ்வளவு என்பதுதான் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் பயிற்சியின் முடிவில் மதிப்பீடு செய்வது யார், சான்றிதழில் கையொப்பமிடுவது யார்? "துணைத் தாதி" என்று விளம்பரங்கள் பொதுவாகச் சொல்லிவிடுகின்றன. அதன் பின்னால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பாதைகள் இருக்கின்றன.

முதலாவது, எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறை, 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டப்படி இதை வழங்குகிறது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பொருந்துவது இந்தப் பாதைதான். எனவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதியும் இதைப் பற்றியே பேசுகிறது.

இரண்டாவது, அரசாங்க மருத்துவமனைகளில் உள்ள பெம்பாந்து பெராவாத்தான் கெசிஹாத்தான் பணி, அதாவது சுகாதாரப் பராமரிப்பு உதவியாளர். இதற்கு ஆளெடுப்பது பொதுச் சேவை ஆணையம். எஸ்.பி.எம். தகுதியுடன், விளம்பரம் வரும்போது இணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்திற்குக் கட்டணம் கிடையாது. "எங்களிடம் படித்தால் அரசாங்க வேலையில் உள்ளே சேர்த்துவிடுவோம்" என்று எவராவது பணம் கேட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பதிவு பெற்ற தாதி. இதற்கு மலேசியத் தாதியர் வாரியம் ஏற்றுக்கொண்ட மூன்றாண்டு டிப்ளோமா படித்து, வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற வேண்டும். மூன்று மாதப் பயிற்சியோ ஆறு மாதப் பயிற்சியோ யாரையும் தாதி ஆக்காது. பராமரிப்பாளர் சான்றிதழை வைத்துக்கொண்டு பின்னால் தாதி ஆகிவிடலாம் என்று ஒரு நிலையம் சொன்னால், எந்தக் கல்லூரி எந்த நிபந்தனையில் சேர்த்துக்கொள்ளும் என்பதை எழுத்தில் கேளுங்கள். எஸ்.பி.எம். பாடங்களில் தேவையான தேர்ச்சி உங்கள் பிள்ளையிடம் இருந்தால், தயவுசெய்து டிப்ளோமாவையே முதலில் பாருங்கள். தகுதி இருந்தும் குறுகிய பயிற்சியில் மாட்டிக்கொண்டு ஆண்டுகளை இழந்த பெண்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

நான்காவது, அமெரிக்கத் துணைத் தாதித் தேர்வு. அதைப் பிறகு தனியாகப் பார்ப்போம்.

இரண்டாம் படி: அங்கீகாரத்தை நீங்களே சரிபாருங்கள்

எஸ்.கே.எம். பயிற்சி தரும் இடம் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மையமாக இருக்க வேண்டும். துறையின் மைஸ்பைக் இணையத்தளத்தில் மையத்தின் பெயரைத் தட்டித் தேடலாம். மையத்தின் பெயர் வந்ததும் மகிழ்ந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். அங்கீகாரம் மையத்துக்கு மட்டுமன்றி, ஒவ்வொரு பயிற்சித் திட்டத்துக்கும் நிலைக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. முடி அலங்காரப் பயிற்சிக்கு அங்கீகாரம் பெற்ற மையம், அதே கடிதத்தைக் காட்டி முதியோர் பராமரிப்பு வகுப்பையும் நடத்திவிட முடியும். எனவே திட்டத்தின் குறியீடு, நிலை, அங்கீகாரம் முடியும் தேதி, மையத்தின் முகவரி ஆகிய நான்கையும் பாருங்கள். பட்டியலில் சுங்கை பட்டாணி முகவரி இருக்க, வகுப்பு ஜோர்ஜ்டவுன் கடைவீட்டு மாடியில் நடந்தால் ஏன் என்று கேளுங்கள்.

"நாங்கள் இன்னொரு மையத்தோடு சேர்ந்து நடத்துகிறோம்" என்பது அடிக்கடி காதில் விழும் பதில். அப்படியானால் மாணவர் எந்த மையத்தின் பெயரில் பதிவு செய்யப்படுவார் என்று கேட்டு, அந்த மையத்துக்கே அழைத்துப் பேசுங்கள்.

நிறுவனப் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். அது கடை நடத்துவதற்கான பதிவு மட்டுமே. கல்லூரிகளின் சான்றிதழ், டிப்ளோமா படிப்புகள் என்றால் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் பார்க்க வேண்டும். தாதிமை டிப்ளோமாவுக்குத் தாதியர் வாரியத்தின் ஒப்புதலும் தேவை.

மூன்றாம் படி: தொலைபேசியிலேயே பாதி தெரிந்துவிடும்

நேரில் போவதற்கு முன் அழைத்துப் பேசுங்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"கவலையே வேண்டாம் அம்மா, நாங்கள் அரசாங்க அங்கீகாரம் பெற்றவர்கள்."

"எந்தத் துறையின் அங்கீகாரம், தம்பி? திட்டத்தின் குறியீட்டைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

"அதெல்லாம் நேரில் வந்தால் காட்டுவோம் அம்மா. இன்றைக்கே முன்பணம் கட்டினால் ஐந்நூறு ரிங்கிட் கழிவு."

எண்ணைக் கேட்டால் கழிவைச் சொல்கிற இடத்துக்குப் போக வேண்டியதில்லை. ஒழுங்கான மையத்தில் எண்ணை உடனே சொல்வார்கள், அல்லது எடுத்துப் பார்த்து மாலையில் அனுப்புவார்கள். வகுப்பு நடக்கும் நாளில் வந்து பார்க்கலாமா என்று கேட்டால் தயங்க மாட்டார்கள்.

நான்காம் படி: பயிற்சி அறையில் ஒரு மணி நேரம்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. அலுவலக அறையின் குளிர்சாதனமும் சோபாவும் ஒன்றையும் சொல்லாது. செய்முறை அறையைக் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்றி இறக்கக்கூடிய மருத்துவமனைக் கட்டில், முழு உருவ பொம்மை, சக்கர நாற்காலி, கழிப்பறை நாற்காலி, படுக்கைத் துணிகள், தண்ணீர் ஓடும் கைகழுவும் தொட்டி ஆகியவை இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்க மின்கருவியோடு, பட்டையும் ஸ்டெதஸ்கோப்பும் கொண்டு காதால் கேட்டுப் பார்க்கும் கருவியும் இருக்கிறதா என்று பாருங்கள். பொம்மை இன்னும் பிளாஸ்டிக் உறையைவிட்டு வெளியே வரவில்லை என்றால், அதை வைத்து எவரும் இதுவரை பழகவில்லை என்று பொருள். இருபது மாணவருக்கு ஒரே கட்டில் என்றால் ஒரு பிள்ளை எத்தனை முறை அதில் கை வைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிறகு, பயிற்சி முடியும் நிலையில் உள்ள மாணவர் ஒருவரிடம், பக்கவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்த ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். பெற்றோர் கேட்டால் நல்ல ஆசிரியர் மறுக்க மாட்டார். கவனிக்க வேண்டியவை இவை. மாணவர் முதலில் கையைச் சுத்தம் செய்து, தன் பெயரைச் சொல்லி, என்ன செய்யப் போகிறார் என்பதை நோயாளியிடம் சொல்கிறாரா? நாற்காலியை நோயாளியின் வலுவுள்ள இடப்பக்கத்தில் போடுகிறாரா? நாற்காலியின் சக்கரங்களையும் கட்டிலின் சக்கரங்களையும் பூட்டுகிறாரா? கால் வைக்கும் தகடுகளை ஒதுக்குகிறாரா? நோயாளியின் பாதங்கள் தரையில் முழுமையாகப் படியும்வரை கட்டிலைத் தாழ்த்தி, வழுக்காத காலணி போட்டுவிடுகிறாரா? இடுப்புப் பட்டையைப் பிடித்து, தன் முழங்கால்களை மடக்கி, எண்ணிச் சொல்லிவிட்டு எழுப்புகிறாரா? அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தாலோ அந்த நிலையத்தைவிட்டு வந்துவிடலாம். பக்கவாத நோயாளியின் தோள்மூட்டு அந்த ஓர் இழுப்பில் பிசகிவிடக்கூடும்.

சட்டை மாட்டுவதையும் பாருங்கள். மாட்டும்போது தளர்ந்த கை முதலில், கழற்றும்போது தளர்ந்த கை கடைசியில். புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் இது, கை பழகியவருக்கு யோசிக்காமலே வந்துவிடும். கை கழுவும்போதும் அப்படித்தான்: விரல் இடுக்குகள், கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு என்று தேய்த்து, விரல்நுனிகள் கீழ்நோக்கி இருக்கக் கழுவி, குழாயைக் காகிதத் துண்டால் மூடுவார்கள். இருபது வினாடி தேய்ப்பது பார்ப்பவருக்கு நீண்ட நேரமாகத் தோன்றும்.

ஐந்தாம் படி: கற்பிப்பவர் யார், களப்பயிற்சி எங்கே?

முதன்மைப் பயிற்றுநர் வார்டில் வேலை செய்த தாதியாக இருப்பது நல்லது. தாதியர் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழில் அனுமதிச் சான்று அவரிடம் இருக்கிறதா, எஸ்.கே.எம். மையம் என்றால் தொழிற்கல்விப் பயிற்றுநர் சான்றிதழும் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். "மிஸ், நீங்கள் எந்த வார்டில் இருந்தீர்கள்?" என்ற எளிய கேள்விக்கே முகம் மலர்ந்து அரை மணி நேரம் பேசுவார், உண்மையில் வேலை பார்த்தவர்.

களப்பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள்? இடத்தின் பெயர், மொத்த மணிநேரம், அங்கே மேற்பார்வையிடுபவர் யார் என்ற விவரம் எழுத்தில் வேண்டும். முதியோர் இல்லமாக இருந்தால், 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநலத் துறையில் பதிவு பெற்றதா, அல்லது தாதிமை இல்லமாகச் சுகாதார அமைச்சின் உரிமம் பெற்றதா என்று பாருங்கள். பதிவு இல்லாத இல்லங்களில் பயிற்சி மாணவர்களைச் சம்பளமில்லா வேலையாள்களாக இரவு முழுவதும் தனியே விட்டுவிடுவதும் நடக்கிறது. பதினெட்டு வயதுப் பெண்ணிடம் பத்து முதியவர்களை ஒப்படைத்துவிட்டுப் போவது பயிற்சி ஆகாது. அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து, முதியவர்களுக்கும் ஆபத்து.

ஆறாம் படி: மதிப்பீடு எப்படி நடக்கிறது?

எஸ்.கே.எம். என்பது ஒரே நாளில் எழுதி முடிக்கும் தேர்வு அன்று. பயிற்சிக் காலம் முழுவதும் மையத்தின் மதிப்பீட்டாளர் மாணவரின் அறிவையும் செய்முறையையும் மதிப்பிடுவார். மையத்தின் உள் சரிபார்ப்பாளர் அதைச் சோதிப்பார். இறுதியில் திறன் மேம்பாட்டுத் துறை நியமிக்கும் வெளிச் சரிபார்ப்பாளர் வந்து உறுதிப்படுத்துவார். இதற்கான சான்றுகள் எல்லாம் மாணவரின் கோப்பில் சேர வேண்டும்.

ஆகவே "தேர்ச்சி விகிதம் எவ்வளவு?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை, தொண்ணூற்றெட்டு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கடந்த அணியில் எத்தனை பேர் துறையிடம் பதிவு செய்யப்பட்டார்கள், எத்தனை பேர் கையில் சான்றிதழ் கிடைத்துவிட்டது, வெளிச் சரிபார்ப்பாளர் கடைசியாக எப்போது வந்தார் என்று கேளுங்கள். பயிற்சி முடிந்தும் சரிபார்ப்பு நடக்காததால் மாதக்கணக்கில் சான்றிதழுக்குக் காத்திருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். முன்னாள் மாணவர் இருவரிடமாவது பேசுங்கள். நிலையம் தேர்ந்தெடுத்துத் தரும் எண்களைவிட, களப்பயிற்சி நடக்கும் இல்லத்தின் வாசலில் நீங்களே சந்தித்துப் பேசுவது மேலானது.

ஏற்கெனவே பல ஆண்டுகளாக முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டு, கையில் சான்றிதழ் இல்லாமல் இருக்கும் அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மீண்டும் முழுநேர வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. பி.பி.தி. எனப்படும் முன்னனுபவ அங்கீகார முறையில், உங்கள் வேலை அனுபவத்துக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டி எஸ்.கே.எம். பெறலாம். முதலாளியின் கடிதம், பணி அட்டவணைகள், நீங்கள் வேலை செய்யும் படங்கள் ஆகியவற்றை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். நோயாளியின் முகம் தெரியும் படம் மட்டும் வேண்டாம். "கோப்பை நாங்களே எழுதித் தருகிறோம், பணத்தைக் கட்டினால் போதும்" என்பவரிடம் போகாதீர்கள். சரிபார்ப்பாளர் நேர்காணலில் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உங்களுக்குத் தெரிந்த வேலைக்கு அப்படி ஒரு குறுக்கு வழியும் தேவையில்லை.

வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவர்கள், எஸ்.எல்.டி.என். எனப்படும் இரட்டைப் பயிற்சி முறையையும் விசாரியுங்கள். அதில் பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலேயே நடக்கும்.

ஏழாம் படி: பணமும் ஒப்பந்தமும்

கட்டணத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: பதிவு, பயிற்சி, சீருடை, புத்தகம், மதிப்பீடு, தங்குமிடம், மருத்துவச் சோதனை. பின்னால் "இது தனி" என்று எதுவும் வரக்கூடாது. முழுத் தொகையையும் முதல் நாளே கட்ட வேண்டாம். ஒவ்வொரு தவணைக்கும் நிறுவனத்தின் பெயரில் ரசீது வேண்டும். தனிநபரின் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். எஸ்.பி.எம். சான்றிதழின் அசலையும் அடையாள அட்டையையும் எவரிடமும் விட்டுவைக்காதீர்கள். "வேலை உத்தரவாதம்" என்றால் எந்த நிறுவனம், என்ன சம்பளம், எத்தனை ஆண்டு கட்டாயப் பணி, இடையில் விலகினால் எவ்வளவு அபராதம் என்று கேளுங்கள். கட்டாயப் பணியை மாணவருக்கான சலுகை போல் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

அங்கீகாரம் பெற்ற மையங்களில் படிப்பவர்கள் பி.டி.பி.கே. எனப்படும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தில் கடன் கேட்கலாம். அது கடன், திருப்பிக் கட்ட வேண்டியது. "இலவசப் படிப்பு" என்று சொல்லிவிட்டு இந்தக் கடன் பாரத்தில் பிள்ளையிடம் கையெழுத்து வாங்குகிறார்களா என்று கவனியுங்கள். இந்தியச் சமூக உருமாற்றப் பிரிவான மித்ரா வழியாக இந்தியர்களுக்கான திறன் பயிற்சிகள் அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. வேலை இழந்தவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டத்தில் பயிற்சிக் கட்டண உதவி உண்டு. கட்டணமே இல்லை என்றாலும் மேலே சொன்ன சோதனைகளில் ஒன்றையும் விடாதீர்கள். இலவச வகுப்பில் போகும் ஆறு மாதம் உங்கள் பிள்ளையின் ஆறு மாதம்.

ஏமாற்றப்பட்டால் ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, மலேசியப் பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் புகார் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் ஆலோசனை கேட்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அமெரிக்கத் தேர்வை நினைப்பவர்களுக்கு

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொன்னார் என்று இணையவழிப் பயிற்சிக்குப் பணம் கட்டுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளின்படி, முதியோர் தாதிமை இல்லங்களில் வேலை செய்யும் துணைத் தாதிக்குக் குறைந்தது 75 மணிநேரப் பயிற்சி வேண்டும். அதில் குறைந்தது 16 மணிநேரம் மேற்பார்வையில் செய்யும் செய்முறைப் பயிற்சியாக இருக்க வேண்டும். மாநிலங்கள் இதைக் கூட்டிக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் வகுப்பறையில் 60 மணி, நோயாளிகளுடன் 100 மணி என்று 160 மணிநேரம். அந்தப் பயிற்சித் திட்டத்துக்கு மாநிலத்தின் ஒப்புதல் இருக்க வேண்டும். தேர்வு இரண்டு பகுதி: எழுத்து அல்லது வாய்மொழித் தேர்வு ஒன்று, தேர்வாளர் முன்னால் செய்துகாட்டும் திறன் தேர்வு ஒன்று. தேறியவர் பெயர் மாநிலப் பதிவேட்டில் சேரும். சம்பளத்துக்குத் தாதிமை வேலை செய்யாமல் தொடர்ந்து 24 மாதங்கள் போனால், பயிற்சியையும் தேர்வையும் சேர்த்தோ தேர்வை மட்டுமோ மீண்டும் எடுக்க வேண்டும்.

இதிலிருந்தே புரியும்: பாயான் லெப்பாஸில் உட்கார்ந்து கணினியில் பார்க்கும் பாடம், அந்தச் செய்முறை மணிநேரங்களுக்கு ஈடாகாது. தேர்வுக்குத் தயார்ப்படுத்தும் வகுப்பு, ஒப்புதல் பெற்ற பயிற்சியை முடித்தவருக்கான துணை மட்டுமே. அங்கே குடியேறப்போவது உறுதியாக இருந்தால், எந்த மாநிலம் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த மாநிலத்தின் தேர்வை நடத்தும் நிறுவனத்தின் தேர்வர் கையேட்டை இணையத்தில் படியுங்கள். செய்துகாட்ட வேண்டிய திறன்களும் படிகளும் அதில் இருக்கும். பயிற்சி விற்பவர் மாநிலத்தின் பெயரையே கேட்காமல் "அமெரிக்கச் சான்றிதழ்" என்று பேசினால், அவருக்கு அந்தத் தேர்வைப் பற்றித் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சான்றிதழ் கையில் இருப்பதாலேயே விசாவும் கிடைத்துவிடாது.

எட்டாம் படி: சேர்வதென்று முடிவான பிறகு

பாடமும் கோப்பும் பெரும்பாலும் மலாயில் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாயில் நீளமாக எழுதத் தயங்கும் பிள்ளைகள் பலர் செய்முறையில் முதலாவதாக இருந்தும் அறிக்கை எழுதும்போது பின்தங்கிவிடுகிறார்கள். வகுப்பு தொடங்கும் முன்பே உடலுறுப்புகள், வலி, காயம், கழிவு பற்றிய மலாய்ச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிப் பழகட்டும். பினாங்கு வார்டில் ஹொக்கியன் பேசும் பாட்டிமார்கள் நிறைய. "எங்கே வலிக்கிறது?", "தண்ணீர் வேண்டுமா?" என்று அவர்கள் மொழியில் கேட்கத் தெரிந்த பயிற்சி மாணவியை வார்டு சீக்கிரமே தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளும்.

அதோடு, பதிவு செய்த வாரத்திலேயே கிளினிக்குக்குப் போய் ஹெப்பாட்டிடிஸ் பி தடுப்பூசி நிலவரத்தைப் பாருங்கள். குழந்தையாக இருந்தபோது போட்ட பதிவு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். புதிதாகப் போட வேண்டுமென்றால் வழக்கமான அட்டவணை மூன்று ஊசிகள்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தில் மூன்றாவது. களப்பயிற்சி தொடங்கும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள்.